இரண்டாவதும் பெண்: மருமகள் ஏன் பேசாமல் இருக்கிறாள்?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். மருமகளுக்கு 9 வாரம் முன்பு இரண்டாவது பிரசவம், இதுவும் ஆபரேஷன்தான். மறுபடியும் பெண். மூத்தவளுக்கு 4 வயது. வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலேயே நான், “பரவாயில்லைம்மா, இதுவும் லட்சுமிதான்” என்று ஆறுதல் சொன்னேன். முதல் வாரம் அழுதாள். இப்போது அழுவதும் இல்லை, பேசுவதும் இல்லை. குழந்தை தூங்கினாலும் இவள் கண்ணை மூடுவதில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறது. “என் கையில குடுக்காதீங்க அத்தை, பயமா இருக்கு” என்கிறாள். போன வாரம், “நான் இல்லைன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பீங்க” என்றாள். பொண்ணு பிறந்த ஏக்கம், தானாகச் சரியாகும் என்கிறான் பீன்யாவில் ஷிப்டு வேலை பார்க்கும் என் மகன். அடுத்தது பையன் பிறந்தால் தெளிந்துவிடுவாள் என்கிறார் என் நாத்தனார். பெயர் வைக்கும் விசேஷத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறோம். டாக்டரிடம் போனால் மாத்திரை கொடுப்பார்கள், தாய்ப்பாலை நிறுத்த வேண்டிவருமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன்னால், போன வாரம் அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை முதலில் பார்க்க வேண்டும். “நான் இல்லைன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பீங்க” என்பதைச் சலிப்பில் வந்த பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கே, பேத்திகள் இருவரும் தூங்கிய பிறகு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: “செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?” கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படி ஆவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த பெண்கள்தான் அதிகம். “ஆமாம்” என்றால் திட்டாதீர்கள், “ரெண்டு குழந்தையை வச்சிக்கிட்டு இப்படிப் பேசலாமா” என்று சொல்லாதீர்கள். எப்படி என்று யோசித்திருக்கிறாளா, எப்போது என்று நினைத்திருக்கிறாளா என்பதையும் கேளுங்கள். வழியும் நேரமும் மனதில் இருக்கிறது என்றால் அன்று இரவே கிளம்ப வேண்டும். ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். அல்சூரிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம்.

அவள் “இல்லை, சும்மா சொன்னேன்” என்றாலும் சில காரியங்களை இன்றே செய்துவிடுங்கள். உங்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள், எலி மருந்து, பினாயில், கொசு மருந்து எல்லாவற்றையும் பூட்டி வைத்துச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்குத் துணி காயப் போட அவளைத் தனியாக அனுப்ப வேண்டாம். வீட்டில் பெரியவர் ஒருவராவது எப்போதும் இருக்கட்டும். நடுராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

இன்னும் சில அறிகுறிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லாமல் இருந்தும் களைப்பே தெரியாமல் நடமாடுவது, சம்பந்தம் இல்லாமல் பேசுவது, இல்லாத குரல் கேட்பதாகச் சொல்வது, குழந்தை தன்னுடையது இல்லை என்றோ, அதற்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்றோ நம்புவது. இது பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனப்பிறழ்வு. 1000 தாய்மாரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, குழந்தையையும் அவளிடம் தனியே விடக் கூடாது. நீங்கள் எழுதியிருப்பதில் இவை எதுவும் இல்லை.

“கையில குடுக்காதீங்க, பயமா இருக்கு” என்கிறாளே, அது பெரும்பாலும் வேறு வகை. குழந்தை கைதவறி விழுந்துவிடுமோ, தானே ஏதாவது செய்துவிடுவேனோ என்று வேண்டாத எண்ணம் ஒன்று மின்னல் மாதிரி வந்து போகும். அதைக் கண்டு அவளே நடுங்குகிறாள். நடுங்குவதால்தான் விலகி நிற்கிறாள். அந்த எண்ணத்தை நம்பி நடப்பவள் வேறு, அதைக் கண்டு பயந்து ஓடுகிறவள் வேறு. எது என்று டாக்டர்தான் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். அதுவரை, “பெத்த பிள்ளையைத் தூக்கப் பயமா?” என்ற கேள்வி மட்டும் யார் வாயிலிருந்தும் வர வேண்டாம். அந்தக் கேள்வியை அவள் தன்னையே ஆயிரம் முறை கேட்டிருப்பாள்.

பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தொடங்கும் அழுகையும் படபடப்பும் பாதிப் பேருக்கு மேல் வருவதுதான். இரண்டு வாரத்துக்குள் அதுவாகவே அடங்கிவிடும். உங்கள் மருமகளின் முதல் வார அழுகை அதுவாக இருந்திருக்கலாம். ஆனால் 9 வாரம் ஆகியும் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, வாழ்வதே பாரம் என்ற நினைப்பு என்றால் அது ஏக்கம் இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்ற நோய். குழந்தை தூங்கும்போதுகூடத் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்பது நாங்கள் மிகவும் கவனித்துக் கேட்கும் அறிகுறி. அசதியில் இருக்கும் தாய் படுத்ததும் தூங்கிவிடுவாள். மனச்சோர்வில் இருப்பவளுக்குத் தூங்க நேரம் கிடைத்தாலும் தூக்கம் வராது. தானாகச் சரியாகும் என்று காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. கோவாவில் தாய்மாரைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2002ல் வெளியானது. 6 முதல் 8 வாரத்தில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 6 மாதம் ஆகியும் தேறவில்லை.

பெண் பிறந்த ஏக்கம் என்கிறார் உங்கள் மகன். இதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வயிற்றில் இருந்தது ஆணா பெண்ணா என்பதை வைத்து உடம்பு ஒரு தாயை இப்படி ஆக்குவது என்றால், உலகம் முழுக்க ஒரே மாதிரி நடக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பிரான்சிலும் இங்கிலாந்திலும் நடந்த சில ஆய்வுகளில், ஆண் குழந்தை பெற்ற தாய்மாரிடம்தான் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. நம் பக்கம் தலைகீழ். வேலூரைச் சுற்றிய கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும் 2002ல்தான் வெளியானது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் சுமார் 11 சதவீதம். யாருக்கு வந்தது என்று பார்த்தபோது கிடைத்த காரணங்களை அப்படியே தருகிறேன்: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கூடமாட வேலை செய்ய ஆள் இல்லாதது. பெண் பிறந்தது என்று மட்டும் அதில் இல்லை. எதிர்பார்த்தது வேறு என்று இருக்கிறது. கோவா ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வீட்டில் அடி உதையோ பட்டினியோ இருந்தால் அது தாயை எவ்வளவு பாதிக்கிறது என்பதையே பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்பது மாற்றியது. ஆகவே, நோயைக் கொண்டுவந்தது குழந்தை அல்ல. அந்தக் குழந்தை எப்படி வரவேற்கப்பட்டது என்பதற்கு இதில் பெரிய பங்கு உண்டு.

யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான் என்று நம்புகிறேன். ஆனால் நீங்கள் அன்போடு சொன்ன “பரவாயில்லைம்மா” என்ற சொல்லை அவள் காதால் கேட்டுப் பாருங்கள். காய்கறிக் கடையில் கேட்டது கிடைக்காதபோது சொல்வோம், பரவாயில்லை என்று. இழவு வீட்டில் ஆறுதல் சொல்வோம். வயிற்றைக் கிழித்து எடுத்த குழந்தை முழு ஆரோக்கியமாகப் பக்கத்தில் கிடக்கும்போது எதற்கு ஆறுதல்? ஏதோ தவறிப்போயிற்று, தவறவிட்டவள் நீ, நாங்கள் மன்னித்துவிட்டோம் என்றுதான் அது அவள் காதில் விழும். அதன் பிறகு ஸ்வீட் பாக்ஸ் எத்தனை வீட்டுக்குப் போனது, யார் யார் பார்க்க வந்தார்கள், மூத்தவளுக்கு நடந்த பெயர் சூட்டல் இவளுக்கு ஏன் தள்ளிப் போகிறது என்று அவள் எண்ணிக்கொண்டே இருப்பாள். கர்ப்பமாக இருக்கும்போது மூத்தவளிடம் “தம்பிப் பாப்பா வரப் போறான்” என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்? உங்களைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதை எழுதவில்லை. மாற்ற முடிந்தவை இவை. மாற்றும் இடத்தில் வீட்டில் இருப்பவர் நீங்கள்தான்.

அதற்கு ஒரே ஒரு பேச்சு போதும், ஆனால் மூடி மறைக்காமல் இருக்க வேண்டும். “அன்னைக்கு ஆஸ்பத்திரியில பரவாயில்லைன்னு சொன்னேன், அது தப்பும்மா. எனக்குப் பேத்தி பொறந்ததுல சந்தோஷம்தான். உன்மேல ஒரு குறையும் இல்ல.” இதை உங்கள் மகன் காதில் விழும்படி சொல்லுங்கள். பதில் வராது, எதிர்பார்க்கவும் வேண்டாம். அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரர் “ரெண்டும் பொண்ணா?” என்று இழுக்கும்போது, மருமகள் இருக்கும் அறையிலேயே, “ஆமா, எங்களுக்கு வேண்டியது வந்துடுச்சு” என்று முடித்துவிடுங்கள். குழந்தை ஆணா பெண்ணா என்பது தகப்பன் வழி வரும் விந்தணுவில் எக்ஸ் குரோமோசோம் இருக்கிறதா ஒய் குரோமோசோம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. தாய்க்கு அதில் பங்கே இல்லை. உங்கள் நாத்தனாரிடமும் இதைச் சொல்லுங்கள், பழியை மகன்மேல் திருப்புவதற்காக அல்ல.

நாத்தனாரின் யோசனை ஆபத்தானது. இரண்டு ஆபரேஷன் ஆன கர்ப்பப்பையில் தையல் ஆறுவதற்குள் அடுத்த கர்ப்பம் உண்டானால் அந்தத் தழும்பு விட்டுப்போகும் அபாயம் கூடும். ஒரு முறை இந்த மனச்சோர்வு வந்தவளுக்கு அடுத்த பிரசவத்திலும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பையன் பிறந்தாலும் வரும். கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிட்டு, கருத்தடைக்கு என்ன வழி என்று மகப்பேறு டாக்டரிடம் மகனும் மருமகளும் சேர்ந்து கேட்கட்டும்.

இனி டாக்டர். இந்த வாரமே போக வேண்டும். பக்கத்தில் சிவாஜிநகர் பவுரிங் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நிம்ஹான்ஸில் கர்ப்பிணிகளுக்கும் பிரசவமான தாய்மாருக்கும் என்றே தனிச் சிகிச்சை உண்டு. தாயையும் சேயையும் ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளும் வார்டை அங்கே 2009ல் தொடங்கினார்கள். சேர்க்க வேண்டி வந்தாலும் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

அங்கே 10 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுக்கலாம். எடின்பரோ அளவுகோல் என்பார்கள், 1987ல் வந்தது. கடந்த 7 நாள் எப்படி இருந்தாய் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. தமிழிலும் உண்டு, வேலூரில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பத்தாவது கேள்வி தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த எண் குறைவாக வந்தாலும் அந்த ஒரு பதிலைத் தனியாகப் பார்ப்பார்கள். அதை நிரப்பும்போது நீங்களும் மகனும் வெளியே இருங்கள். மாமியார் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும்போது எந்த மருமகளும் உண்மையை எழுத மாட்டாள். மகன் குடிக்கிறாரா, கை ஓங்குகிறாரா என்றும் டாக்டர் அவளிடம் தனியாகக் கேட்பார். அப்படி ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள், அதை நிறுத்தாமல் எந்த மாத்திரையும் வேலை செய்யாது. பெண்களுக்கான உதவி எண் 181.

நீங்கள் எழுதி எடுத்துப் போக வேண்டியவை சில உண்டு. எத்தனை மணிக்குப் படுக்கிறாள், எத்தனை மணி நேரம் தூங்குகிறாள், எடை குறைந்திருக்கிறதா, மூத்த பிரசவத்திலும் இப்படி இருந்தாளா, அவள் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா. முக்கியமாக, வாழ்க்கையில் எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, கைமீறிச் செலவு செய்துகொண்டு இருந்த காலம் உண்டா என்பது. உண்டு என்றால் டாக்டர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். சாதாரண மனச்சோர்வு மருந்து மட்டும் கொடுத்தால் அது அவர்களை மறுபடியும் அந்த அளவுமீறிய பரபரப்பு நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டுக்கான டிஎஸ்எச் அளவும் பார்க்கச் சொல்வார்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு ஏறி இறங்குவது சகஜம், ரத்தசோகையும் அப்படித்தான். இரண்டும் மனச்சோர்வு மாதிரியே தோன்றும், இருக்கும் மனச்சோர்வைக் கூட்டவும் செய்யும்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. இந்த நிலையில் பெரும்பாலும் முதலில் எடுப்பது செர்ட்ராலின் என்ற மருந்து. பாலில் மிகக் கொஞ்சமே கலக்கும். பொதுவாக 25 மில்லிகிராமில் தொடங்கி 50க்குப் போவார்கள், அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். முதல் வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி வரலாம். நிறைய பேர் ஐந்தாம் நாளே “ஒத்துக்கலை” என்று நிறுத்துவது இதனால்தான். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முதலில் தூக்கமும் பசியும் திரும்பும், முகத்தில் தெளிவு கடைசியில்தான் வரும். அடுத்த தப்பு, தெளிந்ததும் இரண்டாம் மாதத்திலேயே விட்டுவிடுவது. நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போதும் டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். அது நோயைத் தொடாது, அதைப் போட்டுக்கொண்டு குழந்தையை அணைத்துப் படுத்தால் குழந்தைக்கு மூச்சு முட்டும் அபாயம் உண்டு. பேச்சுவழிச் சிகிச்சையும் நன்றாகப் பலன் தரும். லேசான மனச்சோர்வுக்கு அதுவே போதும். உங்கள் மருமகளுக்கு இரண்டும் தேவைப்படும் என்றே தோன்றுகிறது.

மருந்தோடு கூடவே முக்கியமானது தூக்கம். அதை வீட்டில் நீங்கள்தான் உண்டாக்கித் தர முடியும். ராத்திரி ஒரே மூச்சில் 4 அல்லது 5 மணி நேரம் அவளுக்குக் கிடைக்க வேண்டும். இப்படிச் செய்து பாருங்கள். ஒன்பதரைக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் உள்ளறையில் படுக்கட்டும். குழந்தை உங்களோடு ஹாலில். அழுகைச் சத்தம் கேட்டால் தூக்கம் கலையும் என்பதால் கதவைச் சாத்தி, ஃபேன் ஓடட்டும். நடுவில் குழந்தை எழுந்தால், முன்பே பீய்ச்சி வைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுங்கள். பாலாடையையும் கிண்ணத்தையும் ஒவ்வொரு முறையும் கழுவி வெந்நீரில் கொதிக்க விட வேண்டும். பெங்களூர் குளிருக்குப் பீய்ச்சிய பால் வெளியில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் வரை தாங்கும். அடுப்பில் நேராகச் சூடாக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். இரண்டரைக்கு அவள் எழுந்து கொடுக்கலாம். இடைவெளியில் மார்பு கல் மாதிரி கட்டினால், படுக்கப் போகும் முன் கொஞ்சம் பீய்ச்சிவிட்டால் போதும். மகன் பகல் ஷிப்டில் இருக்கும் வாரங்களில் இரவுப் பொறுப்பில் பாதி அவருடையது. தினமும் நீங்களே விழித்தால் பத்தே நாளில் நீங்களும் படுத்துவிடுவீர்கள்.

பத்தியத்தைத் தளர்த்துங்கள். பிரசவ லேகியம் இருக்கட்டும், ஆனால் தண்ணீரைக் குறைப்பதும் கீரை, பழம், முட்டை வேண்டாம் என்பதும் பால் கொடுக்கிற உடம்புக்கு ஆகாது. பால் கொடுக்கும் முதல் 6 மாதம் நாளுக்கு 600 கலோரி அளவு கூடுதலாக வேண்டும். அதாவது கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. ஒரு தட்டு நிறையப் போட்டால் பார்த்ததுமே அவளுக்கு வெறுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு இட்லி, ஒரு டம்ளர் ராகிக் கஞ்சி, ஒரு முட்டை என்று கையில் கொடுங்கள். அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பின் 180 நாள் தினமும் ஒன்று. காபி, டீ, பாலோடு சேர்த்து விழுங்கினால் சத்து ஒட்டாது. கால்சியத்தையும் வேறு வேளையில் கொடுங்கள்.

குழந்தையை அவளிடமிருந்து எடுத்து நீங்களே வளர்த்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். நீங்கள் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். முதல் நாள் துண்டை மட்டும் பிடிக்கட்டும். அடுத்த நாள் எண்ணெய் ஊற்றிக் கொடுக்கட்டும். குழந்தையைக் கையில் வாங்கும்போது அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தால் விழுந்துவிடுமோ என்ற பயம் பாதி குறையும், நீங்களும் அங்கேயே இருங்கள். கோயிலுக்குப் போவதோ மந்திரிப்பதோ உங்கள் மனதுக்கு நிம்மதி என்றால் செய்யுங்கள், டாக்டரைப் பார்க்கும் நாள் அதனால் தள்ளிப் போகக் கூடாது.

அடுத்த வாரம் குழந்தைக்கு 10 வாரத் தடுப்பூசி வரும். அதற்குள் மனநல டாக்டரைப் பார்த்துவிட்டால், சொல்லியிருக்கும் ரத்தப் பரிசோதனையை அந்த அலைச்சலிலேயே முடித்துவிடலாம். பிறப்புச் சான்றிதழில் பெயர் இடம் காலியாக இருந்தால், பதிவு செய்த 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். மண்டபம், கூட்டம், விருந்து எல்லாம் இப்போது அவளால் தாங்க முடியாது. வீட்டுக்குள்ளேயே தொட்டில் கட்டி, நீங்கள் ஐந்து பேர் மட்டும் இருந்தால் போதும். அதற்கு முன் ஒரு நாள், அவள் கொஞ்சம் தூங்கி எழுந்த வேளையாகப் பார்த்து, என்ன பெயர் வைக்கலாம் என்று அவளையே கேளுங்கள்.